காற்றுஞ் சுடும் நாட்டிலே

மோட்டார் சைக்கிளில் ஏறி அமர்பவன் பெறும் முதல் இன்பம் காற்று. வெய்யில் எத்துணைக் கடுமையாயினும், வாகனம் நகரத் தொடங்கியதும் சட்டைக்குள் காற்றுப் புகும், வியர்வை ஆறும், உள்ளமுங் குளிரும். யாழ்ப்பாணத்து ஒழுங்கையிலும் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் இது கண்கூடு. இதனை நம்பிக்கொண்டு ஆடி மாதத்து நண்பகலிலே டுபாயிலோ தோஹாவிலோ குவைத்திலோ வீதிக்கு இறங்கும் வாலிபன் ஏமாந்து போவான். அங்கே காற்று அவனைக் குளிர்விப்பதில்லை, சுடுகிறது.

இவ்வாரம் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. முன்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவர் பெரும்பாலும் வீட்டுப் பணிக்கும் கட்டட வேலைக்கும் கார் சாரதி வேலைக்குமே சென்றனர். இப்பொழுதோ, கைத்தொலைபேசியில் விரல் பட்ட சற்று நேரத்தில் சோற்றுப் பொதி வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்னும் வழக்கம் அந்நகரங்களில் வேரூன்றிவிட்டது. அதனால், பின்புறத்தே பெரிய பெட்டி பொருத்திய சிறு மோட்டார் சைக்கிளில் பொதி சுமந்து திரியும் தொழிலொன்று பெருகியிருக்கிறது. தென்னாசிய இளைஞரே இத்தொழிலிற் பெருந்தொகையினர். நம் நாட்டவரும் அவர்களுள் உளர். ஊரிலே பத்து வருடம் ஓட்டிப் பழகியவன், “இது தெரிந்த தொழில்தானே” என்று விமானம் ஏறுகிறான். வாகனம் அவனுக்குத் தெரிந்ததுதான். அங்குள்ள காற்றே தெரியாதது.

நமது தோலின் உஷ்ணநிலை ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ். காற்று அதனிலுங் குளிர்ந்திருக்கும்வரை, வீசவீச உடம்பின் சூட்டை வாரிக்கொண்டு போகும். அதனிலும் சூடேறிய காற்றோ, வீசவீசச் சூட்டை உடம்பின்மேற் கொண்டுவந்து கொட்டும். அப்போது வேகத்தைக் கூட்டினால் ஆறுதல் கிடையாது. செங்கற் சூளையின் வாயிலிலே நின்று விசிறி பிடித்த கதையாகவே முடியும். வளைகுடாக் கரையிற் கோடை நண்பகல் 45 பாகையைத் தாண்டுவது புதுமையன்று. குவைத்திலுள்ள மித்ரிபா என்னுமிடத்தில் 2016 ஆம் ஆண்டு யூலை மாதம் 21 ஆம் திகதி 53.9 பாகை பதிவாயிற்று. இவையெல்லாம் நிழலில் வைத்து அளந்த கணக்கு என்பதை மறத்தலாகாது. வீதியில் ஓடுபவனுக்கோ தலைக்குமேலே சூரியன்; கீழே கொதிக்கின்ற தார்; கால்களுக்கு நடுவே எஞ்சின்; விளக்குச் சந்தியிலே தரித்து நின்றால் இருபுறத்துக் கார்களின் குளிரூட்டிகள் கக்கும் அனல்.

இந்நிலையில் உடம்புக்கு மிஞ்சியிருக்கும் துணை வியர்வை ஒன்றே. ஒரு லீற்றர் வியர்வை தோலின்மீது முழுவதும் ஆவியாகுமாயின் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு போய்விடும். கடுஞ்சூட்டில் ஒருவன் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்ப்பதுண்டு. இதிலே ஒரு வஞ்சகம் இருக்கிறது. கிழக்கு மாகாணத்து வாசகருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களிற் கொடியிலிட்ட சேலை எத்துணை விரைவில் உலர்ந்துவிடும் என்பதை அவர்கள் அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்குவதே நம் கச்சான். பாலைவனக் காற்று அதனிலும் பன்மடங்கு வறண்டது. அதனூடே விரைபவனின் வியர்வை துளியாகத் திரளுமுன்னரே மறைந்துவிடும். “எனக்கு வியர்க்கவேயில்லை” என்று அவன் எண்ணுகிறான். ஆகவே தண்ணீரைத் தேடுவதுமில்லை. மாலையிற் சட்டையைக் கழற்றும்போது முதுகிலே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக் கோடுகளே, போன நீருக்குச் சாட்சி.

புதிதாகச் சென்றவன் செய்யத் துணிவது சட்டைப் பொத்தானைத் திறந்து விடுவதும் கையை மடித்து விடுவதுமாகும். ஊர்ப் பழக்கம் அப்படி. பாலைவன வாசிகள் இதற்கு நேர்மாறாக நடப்பதைக் கவனித்தல் வேண்டும். பதூயின் என்னும் அராபிய நாடோடிகள் தலைமுதற் கால்வரை தளர்ந்த ஆடையால் மூடிக்கொள்வர். அவருட் சிலர் கறுப்பு அங்கியே அணிவர். கறுப்பு நிறம் வெய்யிலை உறிஞ்சுமே, இவர்களுக்கு இது தெரியாதா என்று ஐயுற்ற விஞ்ஞானிகள் நெகெவ் பாலைவனத்திலே ஒருவரை வெவ்வேறு உடைகளுடன் வெய்யிலில் நிறுத்திச் சோதித்து, முடிவை 1980 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டனர். கறுப்பு அங்கி அதிக சூட்டை ஏற்பது மெய்யே. ஆனால் அச்சூடு தோலை அடையுமுன் அங்கிக்குள் உலவுங் காற்றோடு வெளியேறிவிடுகிறது. கறுப்பு உடுத்தாலும் வெள்ளை உடுத்தாலும் உடம்புக்குச் சேரும் வெப்பம் ஒன்றே என்று கண்டனர். படியாத நாடோடியின் அனுபவம் பரிசோதனையிலும் தோற்கவில்லை என்பதில் எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி!

மோட்டார் சைக்கிளோட்டிக்கும் இதுவே வழி. நீண்ட கையுள்ள மேற்சட்டை, கையுறை, கழுத்தைச் சுற்றிய துணி, தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி இறக்கியபடி. வலைத்துணியாலான மேற்சட்டை முப்பது பாகையில் இதமளிக்கும்; நாற்பதைத் தாண்டினால் அனலை நேரே நெஞ்சுக்கு அனுப்பும் சல்லடையாகிவிடும். பருத்திப் பனியனை நன்றாக நனைத்து அணிந்து, அதன்மேற் சட்டையை ஏறக்குறைய மூடிவிட்டு, கழுத்திலும் கைமணிக்கட்டிலும் சிறிது காற்றுப் புகவிட்டால், அந்த ஈரம் உடம்பின் வியர்வைக்குப் பதிலாகச் செலவாகும். திறந்து விட்டால் சற்று நேரத்தில் உலர்ந்து போகும் அதே பனியன், மூடி வைத்தால் நெடுநேரம் குளிர்ச்சி தரும்.

இந்த உபாயம் எல்லா நாளும் பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளைகுடாக் கரையிற் காற்றுத் திரும்பிக் கடற்புறமிருந்து வருமாயின், பாலைவனத்தின் விளிம்பிலேயே காற்றில் நீராவி நிரம்பிவிடும். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் திகதி பனிபடுநிலை 35 பாகையைத் தொட்டது. அஃதாவது, தோலின் உஷ்ணநிலையிலேயே காற்று நீரால் நிறைந்து நின்றது. அத்தகைய நாளில் வியர்வை வழியுமேயன்றி ஆவியாகாது. நனைத்த பனியன் வெறும் ஈரச்சுமை. அன்று நிழலும் ஓய்வுமன்றி வேறு மருந்தில்லை.

சூடு ஒருபுறமிருக்க, காற்றின் தள்ளுதல் மறுபுறம். ஷமால் என்றால் அரபு மொழியிலே வடக்கு. வடமேற்கிலிருந்து வரும் இக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் நாட்கணக்காக வீசும். ஈராக்குச் சமவெளியின் புழுதியையும் சுமந்து வரும். நூற்றைம்பது சீசீக்கு உட்பட்ட சிறு வாகனத்தின் பின்னாலே பெட்டியொன்று நிமிர்ந்து நின்றால், அது பாய் விரித்த தோணிதான். பக்கக் காற்றுக்குச் சாய்ந்து ஓடிக்கொண்டிருப்பவன் நெடிய லொறியொன்றைக் கடக்கும்போது காற்றுத் திடீரென நின்றுவிடும். சாய்ந்த பக்கமே வாகனம் இழுபடும். லொறியைத் தாண்டியதும் காற்று மீண்டும் அறையும். அனுபவசாலிகள் கைபிடியை இறுக்கிப் பற்றமாட்டார்கள். முழங்கால்களாற் பெற்றோல் தாங்கியை நெருக்கி, உடலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, கைகளைத் தளர்வாக வைத்திருப்பர். வீதியின்மேல் மணல் படிந்திருந்தால் அதன்மீது பிறேக் பிடிப்பதும் திருப்புவதும் ஆகா; முன்னரே மெதுவாகி நேராகக் கடத்தல் வேண்டும். டயரின் காற்றழுத்தத்தைப் புறப்படுமுன் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்ந்திருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால், பின்னர் குறைந்த அழுத்தத்தில் ஓடி டயர் மேலுஞ் சூடேறும்.

புழுதிப் புயல் கண்ணை மறைத்தால் வீதியோரத்தில் நிற்பது போதாது. வீதியை விட்டு நன்றாக விலகி, சுவரோ கட்டடமோ உள்ள இடத்தில் ஒதுங்கி, வாகனத்தின் விளக்கை அணைத்துவிட வேண்டும். விளக்கை ஏன் அணைப்பது என்று கேட்கலாம். புழுதியில் வழி தெரியாது வரும் காரோட்டி, முன்னே தெரியும் சிவப்பு விளக்கை வீதியென்று நம்பி நேரே வந்து மோதுவான் என்பதே காரணம். தலைக்கவசத்தை மட்டும் கழற்றலாகாது.

பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோட்டிப் புகழ்பெற்றோர் பலர். தெரேசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு ஆங்கிலப் பெண்கள் ‘பாந்தர்’ மோட்டார் சைக்கிளிற் பக்கவண்டியும் இழுவண்டியும் பூட்டி, இலண்டனிலிருந்து சகாராவை ஊடறுத்து ஆபிரிக்காவின் தென்கோடியாகிய கேப் டவுன் வரை சென்றனர். திசைகாட்டியுங் கொண்டு போகவில்லையாம். ‘பெண்களுக்கு எதற்கு இயந்திரம்’ என்று இன்னும் முணுமுணுக்கும் பெரியோர் இதைக் கவனிப்பாராக. நாம் இங்கே குறிக்க விரும்புவது வேறொன்று. அவர்கள் இலண்டனை விட்டது 1934 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் திகதி. பாரிஸ் நகரிலிருந்து டாக்கார் வரை நடந்த பெரும் பந்தயம் முதன்முறை புறப்பட்டது 1978 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடைபெறும் அப்பந்தயம் இன்றும் ஜனவரியிலேயே நடக்கிறது. வீரர்கள் பாலைவனத்துக்குப் போவது மாரியில்! வைத்தியரும் ஹெலிகொப்டரும் பின்தொடரப் போகும் பந்தயக்காரனே தவிர்த்துக்கொள்ளும் ஆடி மாதத்து நண்பகலை, சோற்றுப் பொதி சுமக்கும் நம் வாலிபன் வாரத்தில் ஆறு நாள் கடக்கிறான். அவனுக்குக் கிண்ணமும் இல்லை, மாலையும் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. திறந்தவெளி வேலையை ஐக்கிய அரபு இராச்சியம் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 இலிருந்து 3 மணி வரை தடுத்திருக்கிறது. கட்டாரில் யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை தடை. ஆனால் பொதி கொண்டு செல்வோர் நிலைமை நாட்டுக்கு நாடு வேறு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அவர்களை ஓட்டத்திலிருந்து நிறுத்திவிடாமல், இளைப்பாறக் குளிரூட்டிய ஓய்விடங்கள் அமைத்துக் கொடுத்திருக்கின்றனர். நல்ல காரியமே. எனினும் பொதிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவன், ஓய்விடத்தில் அமரும் ஒவ்வொரு நிமிடத்தையும் ஊரிலுள்ள கடனோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். நிழல் இலவசமாயிருந்தாலும் நிழலில் இருக்கும் நேரம் அவனுக்கு இலவசமன்று. நண்பகல் இரண்டு மணிக்கு ஐஸ்கிறீம் வேண்டுமென்று விரலால் தட்டுபவர், அதைக் கொண்டு வருபவன் எவ்வழியே வருகிறான் என்று சாளரத்தைத் திறந்து ஒருமுறை பார்த்தல் நன்று.

தண்ணீரைத் தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று இருத்தல் தவறு. கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். வெறுந் தண்ணீரையே லீற்றர் லீற்றராகக் குடித்து, உப்பை ஈடு செய்யாதிருந்தாலும் உடம்புக்கு ஊறுதான். உப்புஞ் சீனியுமிட்ட தேசிக்காய்த் தண்ணீர் நம் வீட்டிலேயே உள்ள மருந்து. தலைவலி, குமட்டல், காரணமற்ற கோபம், பழகிய சந்தியைத் தவறவிடுதல் ஆகியவை உடம்பு அனுப்பும் எச்சரிக்கைகள். பேச்சுக் குழறி நிலை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடலின் உட்சூடு 40 பாகையை எட்டியிருக்கும். உடனே அவசர வாகனத்தை அழைத்துவிட்டு, நிழலிற் கிடத்தி, உடம்பெங்கும் நீரூற்றி விசிறவும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வைக்கவும். நினைவிழந்தவன் வாயில் நீர் ஊற்றலாகாது.

இன்னொரு தீமை சத்தமின்றி வருவது. நாள்தோறும் நீர் வற்றிச் சூடேறும் உடம்பிற் சிறுநீரகம் சிறுகச் சிறுகப் பழுதடையும். வளைகுடாவிலிருந்து திரும்பிய இளவயதினர் சிறுநீரக நோயாளராய் வைத்தியசாலைக்கு வருவதை நேபாளத்து வைத்தியர்கள் கண்டு சொல்லியிருக்கின்றனர். விடுமுறையில் ஊர் வரும் மகனுக்குக் கோழி அடித்துச் சோறாக்கும் அன்னையர், இரத்தமும் சிறுநீரும் சோதிக்க ஒருநாள் வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்வாராக.

தொலைபேசியில் அழைக்கும் வேளையையுங் கவனித்தல் வேண்டும். நம் கடிகாரத்துக்கு டுபாய் ஒன்றரை மணித்தியாலமும், தோஹா, குவைத், றியாத் ஆகியன இரண்டரை மணித்தியாலமும் பிந்தியவை. நாம் பிற்பகல் உறக்கம் கலைந்து மூன்றரை மணிக்கு, “என்ன மேனை, சாப்பிட்டியோ?” என்று அழைக்கும்போது தோஹாவில் மணி ஒன்று, அவன் ஒருகையால் தொலைபேசியைத் தேடிக்கொண்டு வீதியில் நிற்பான், அல்லது ஓடிக்கொண்டிருப்பான். காலை பத்தரைக்கு அழைத்தால் அங்கே எட்டு மணி. சாப்பாட்டை விசாரித்த பின்னர், தண்ணீர்ப் போத்தலை நிரப்பினானா, டயருக்குக் காற்றுப் பார்த்தானா, நீண்ட கைச் சட்டை போட்டிருக்கிறானா என்றும் கேட்டுவிடலாம்.