பச்சை நிறமெல்லாம் புல்லாகாது

உதைபந்தாட்ட மைதானத்துக்குச் செயற்கைப் புற்றரை விரிப்பதே முன்னேற்றம் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். தவறு. முல்லைத்தீவைப் பொறுத்தவரை, பெருந்தவறு.

தண்ணீர் தேவையில்லை என்பது அவர்களின் முதல் வாதம். 2002 இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் வெயிலில் கிடந்த செயற்கைப் புற்றரையை அளந்தனர். வெப்பம் 93 பாகை செல்சியஸ் வரை ஏறியது. தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தனர். 20 நிமிடத்தில் மீண்டும் 70 பாகையைத் தாண்டியது. வெறுங்காலோடு பந்தை உதைக்கும் வன்னிப் பிள்ளைக்கா இந்தத் தணற்பாய்?

பராமரிப்பு இல்லை என்பது அடுத்த வாதம். ஏறத்தாழ 10 ஆண்டுகளில் இழைகள் தேய்ந்துவிடும். திறப்புவிழாவுக்கு மாலையோடு வந்தவர்கள், புதுப்பிக்கும் நாளில் பணத்தோடு வருவார்களா? இடையில் நிரப்பும் இறப்பர்த் துகள்களோ மாரி வெள்ளத்தோடு நந்திக்கடலைச் சேரும். அத்தகைய துகள்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல், 8 ஆண்டு அவகாசம் கொடுத்துத் தடை விதித்துவிட்டது.

2015 இல் கனடாவில் மகளிர் உலகக் கிண்ணத்தைச் செயற்கைத் தரையில் நடத்தியது பீஃபா. வீராங்கனைகள் எதிர்த்தும் கேட்கவில்லை. அதே பீஃபா 2026 ஆண்கள் உலகக் கிண்ணத்துக்கு இயற்கைப் புல்லையே நிபந்தனையாக்கியது. செல்வந்த நாடுகள் கழிப்பதை நாம் ஏன் வரமாகக் கேட்க வேண்டும்?

நமக்கு வேண்டியவை ஒரு கிணறு, ஒரு நீரிறைக்கும் இயந்திரம், மாதச் சம்பளம் பெறும் ஒரு மைதானக் காவலர். செலவு சிறிது, ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் தொழிலும் கிடைக்கும்.

2009 இற்குப் பின் கண்ணிவெடி அகற்றி, அடி அடியாக மீட்ட மண் இது. அதில் புல் முளைக்கட்டும். பிளாஸ்ரிக்கால் மூடாதீர்கள்.