டிசம்பர் சந்திப்பும் எம்மவர் மௌனமும்

இத்தாலியில் இடைநிலைப் பாடசாலையின் மூன்றாம் ஆண்டில், பிள்ளைக்கு ஏறக்குறையப் பதின்மூன்று வயதாகும்போது, வகுப்பாசிரியர் குழு ஓர் ஆலோசனைக் குறிப்பை வீட்டிற்கு அனுப்புகின்றது. 'கொன்சில்யோ ஒரியென்தாதீவோ' என்பது அதன் பெயர். பிள்ளை இனி லிச்சேயோவிற்குச் செல்வதா, தொழில்நுட்பக் கல்விக்குச் செல்வதா, தொழிற்பயிற்சிக்குச் செல்வதா என்பதை அது கூறும். அது கட்டளையன்று. ஏற்கவோ மறுக்கவோ பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆயினும் பெரும்பாலும் டிசம்பரில் கிடைக்கும் அக்குறிப்பைப் பற்றி ஆசிரியரிடம் ஒரு வார்த்தையேனும் கேளாது, ஜனவரியில் தொடங்கும் பதிவை முடித்துவிடும் குடும்பங்கள் எம்மிடையே பல.

வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட மாணவர்கள், இத்தாலிய மாணவர்களைக் காட்டிலும் கூடிய விகிதத்தில் தொழிற்பயிற்சிக் கல்விக்கே செல்கின்றனர் என்பதைக் கல்வி அமைச்சின் அறிக்கைகளே காட்டி வந்துள்ளன. தொழிற்கல்வி இழிவானதன்று. ஆனால் பிள்ளை விரும்பிச் செல்வது வேறு, அவனுக்காகப் பேச எவரும் வராத காரணத்தினால் அங்கு அனுப்பப்படுவது வேறு.

பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தையைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் வாழும் எம்மவர் கல்வியில் அக்கறையற்றவர்கள் என எவரும் கூற முடியாது. முதியோரைப் பராமரித்தும் வீடுகளில் வேலை செய்தும் ஈட்டும் பணத்தில் பிள்ளையின் புத்தகத்திற்கே முதற்பங்கை ஒதுக்குகின்றார்கள். சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமின்றி ஞாயிறு தோறும் சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறும் அதே கால்கள் பாடசாலைப் படியில் மட்டும் தயங்குகின்றன. காரணம் மொழி மட்டுமன்று. ஊரில், பிள்ளை குழப்படி செய்தாலன்றித் தகப்பனைப் பாடசாலைக்கு அழைக்கமாட்டார்கள். "கண்ணிரண்டையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கள்" என்று பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த மரபு எமது மரபு. அது மரியாதையின் வெளிப்பாடு. இங்குள்ள ஆசிரியைக்கோ அதே மௌனம் அக்கறையின்மையாகத் தோன்றுகின்றது.

இந்நாட்டுச் சட்டம் பெற்றோரை வெளியே நிறுத்தவில்லை. 1974 ஆம் ஆண்டின் ஆணைகள் வகுப்புக் குழுவினுள் பெற்றோர் பிரதிநிதிகளுக்கு இடமளித்தன. 1999 ஆம் ஆண்டின் 394 ஆம் இலக்க ஆணையின் 45 ஆம் பிரிவு, வதிவிடப் பத்திரம் எந்நிலையில் இருப்பினும் பிள்ளைக்குக் கல்வியுரிமை உண்டென்கின்றது. குடும்பத்தினருடன் பேசுவதற்குத் தேவையேற்படின் தகுதிபெற்ற பண்பாட்டு இணைப்பாளரின் உதவியைப் பாடசாலை பெற வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகின்றது. கேட்டவுடன் தமிழறிந்த ஒருவர் வந்து நிற்பார் என நாம் கூறவில்லை. கேட்காதவருக்கு எவரும் வரமாட்டார்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் வழக்கத்தை நாம் உறுதியாகக் கைவிடல் வேண்டும். தன் மீதான குறையைத் தானே தாய்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பை ஒரு சிறுவன் மீது சுமத்துவது முறையன்று. அவன் பாதியை விழுங்கிவிட்டால் அவனைக் குற்றஞ்சாட்டவும் இயலாது. இத்தாலிய மொழி தெரிந்த அயலவர் ஒருவரையோ, ஒரு மாமியையோ அழைத்துச் செல்லலாம். பாடசாலையின் மின்னிலக்கப் பதிவேட்டின் கடவுச்சொல்லும் பல வீடுகளில் பிள்ளையின் கையிலேயே இருக்கின்றது. புள்ளிகளும் வரவும் ஆசிரியரின் அறிவித்தல்களும் அதில்தான் வருகின்றன!

பொதுச் சந்திப்பு நாளில் ஆசிரியருக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். ஐந்து நிமிடங்கள் கிடைத்தாலே பெரிது. ஆகவே தனிச் சந்திப்பைக் கேட்பதே நன்று. பிள்ளையின் குறிப்பேட்டில் "கியேதோ உன் கொல்லோக்வியோ", அதாவது ஒரு சந்திப்பை வேண்டுகின்றேன், என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும். வீட்டு வேலை செய்வோருக்கு வியாழன் பிற்பகல் ஓய்வென்பது இந்நாட்டார் அறிந்ததே; அந்நேரத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

செல்லுமுன் கேள்விகளைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "பிள்ளை எப்படி?" என்று கேட்டால் "நல்ல பிள்ளை" என்ற விடைதான் வரும். எமது பிள்ளைகள் அமைதியானவர்கள், அமைதியான பிள்ளைக்கு எல்லாம் விளங்குகின்றது என ஆசிரியர் எண்ணிவிடக் கூடும். வகுப்பில் வாய்திறந்து பேசுகின்றானா, கணக்கில் தவறுவது கணக்கு விளங்காமையாலா, கேள்வியின் மொழி விளங்காமையாலா, லிச்சேயோவிற்குச் செல்வதாயின் எப்பாடத்தில் என்ன குறை, ஜூனுக்குள் அதனை நிரப்ப வழியுண்டா எனக் கேட்க வேண்டும். அண்மையில் ஊரிலிருந்து வந்த பிள்ளையாயின், அங்கு எத்தனையாம் வகுப்புவரை படித்தது, எவ்வாண்டுகளில் போரினாலோ பயணத்தினாலோ படிப்புத் தடைப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். அதனை ஆசிரியர் வேறெங்கும் அறிய முடியாது. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துமாறு எவரேனும் ஆலோசனை கூறினால் இணங்க வேண்டியதில்லை. தாய்மொழி வலுவாயிருப்பது இரண்டாம் மொழிக்குத் தடையன்று.

சாந்தா கியாராவிலுள்ள சலேசியத் துறவிகளின் நிலையம் போன்ற இடங்கள் அல்பெர்கேரியாவிலேயே உள்ளன. கடிதம் எழுதவோ விளங்கிக்கொள்ளவோ உதவி தேவைப்படுவோர் அங்கு விசாரிக்கலாம்.

வகுப்புப் பிரதிநிதிகளுக்கான தேர்தல் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் முடிவதற்குள் நடைபெறுகின்றது. இடைநிலை வகுப்பொன்றுக்கு நான்கு பெற்றோர்வரை தெரிவாகலாம். அதற்கு இத்தாலியக் குடியுரிமை தேவையில்லை, அவ்வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால் போதும். எம்மவரில் ஒருவரேனும் இவ்வாண்டு தம் பெயரைக் கொடுப்பாராயின், டிசம்பரில் மற்றத் தாய்மார் தனியே செல்ல வேண்டியிராது.