தியாகம்னு சொல்லி முடிச்சுடாதீங்க

பாட்டி காரியம் முடிஞ்சு, மந்தைவெளி வீட்டுல கூட்டம் கலைஞ்சாச்சு. வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினாங்க. "மிலிட்டரிக்காரர் சம்சாரம்... எவ்ளோ பெரிய தியாகம்!" அவ்வளவுதான். காபி குடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க. எனக்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் கோபம். அதான் இதை எழுதறேன்.

தாத்தா சிக்னல்ஸ்ல ஹவில்தார். ஃபீல்டு போஸ்டிங்னா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. பாட்டி மூணு பசங்களோட ஒரு ஒண்டுக்குடித்தனத்துல இருந்தாங்க. தாத்தாவுக்கு எழுதற கடுதாசில ஊர் பேரே இருக்காது. நம்பர், ரேங்க், யூனிட், கடைசியில '99 ஏ.பி.ஓ.' வடகிழக்குப் பக்கம் எங்கயோ இருக்கார்ங்கிற வரைக்கும்தான் தெரியும்.

1971 டிசம்பர்ல சண்டை வந்தப்போ கடுதாசி நின்னு போச்சு. 3-ஆம் தேதி ஆரம்பிச்சு 16-ஆம் தேதி டாக்கால பாகிஸ்தான் படை சரணடையற வரைக்கும் பக்கத்து வீட்டு ரேடியோதான் ஒரே செய்தி. அதே வாரம் சின்ன மாமாவுக்கு அம்மை போட்டிருக்கு. வாடகை பாக்கி வேற. ராத்திரி முழுக்க ஜாக்கெட் தைச்சு அந்த மாசத்தை ஓட்டினேன்னு பாட்டி சொல்வாங்க. இதைச் சொல்லும்போது 'தியாகம்'ங்கிற வார்த்தையை ஒரு தடவைகூட அவங்க சொன்னதில்லை. "வேற என்னடா பண்றது, வேலை இருந்துது"ம்பாங்க.

என் கேள்வியே இதுதான். தியாகம்னு சொன்னா அது ஏதோ சும்மா உட்கார்ந்து அழுதுட்டு இருந்த மாதிரி ஆயிடுது. அவங்க செஞ்சது வேலை. தினமும், சம்பளம் இல்லாம, முப்பது வருஷமா ஒரு குடும்பத்தை நடத்தற வேலை.

2024-ல 'அமரன்' வந்தப்போ பாட்டியைக் கூட்டிட்டுப் போனேன். மேஜர் முகுந்த் வரதராஜன் கதை நம்ம ஊருக்குத் தெரியாததில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சவர். பரங்கிமலை ஓ.டி.ஏ.ல பயிற்சி முடிச்சு 2006-ல அதிகாரியானவர். 2014 ஏப்ரல் 25 அன்னிக்கு காஷ்மீர் ஷோபியான்ல தீவிரவாதிகளோட நடந்த மோதல்ல உயிரிழந்தார். பெசன்ட் நகர் மயானத்துலதான் தகனம். அடுத்த குடியரசு தினத்துல, 2015 ஜனவரி 26, அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி கையால அசோக சக்ரா வாங்கினாங்க. பொண்ணுக்கு அப்போ நாலு வயசுகூட ஆகலை.

இடைவேளையில பாட்டி சொன்னது இதுதான்: "அந்தப் பொண்ணு போன்லயாவது பேசறா. எங்களுக்கு அதுவும் இல்ல." வெளியில வரும்போது, "மெடல் வாங்கின மறுநாள் காலையில எழுந்து அவ என்ன பண்ணியிருப்பா? அதை யாராவது கேட்டாங்களா?"ன்னாங்க. நான் முழிச்சேன். எனக்கும் அந்த அணிவகுப்பு போட்டோதான் ஞாபகத்துல இருந்துது.

நாம கேக்கறதில்லை, சரி. சர்க்கார் எப்படிக் கேட்டுதுன்னு பாருங்க. வீரதீர விருது வாங்கினவர் இறந்துட்டா, விருதோட வர்ற மாதாந்திரப் படி மனைவிக்குப் போகும். அவங்க மறுமணம் செஞ்சா நின்னுடும். இறந்தவரோட சகோதரரையே கட்டிக்கிட்டா மட்டும் தொடரும்! இந்த நிபந்தனையை எடுத்தது 2017 நவம்பர்ல. ராஜா காலத்துக் கதை இல்லைங்க, நம்ம கைல எல்லாம் ஸ்மார்ட்போன் வந்தப்புறம். அந்தப் பொண்ணு ஒரு மனுஷி இல்லை, அந்த வீட்டுச் சொத்துன்னு நெனச்சாதானே இப்படி ஒரு விதி எழுத முடியும்? மேடையில 'வீரத்தாய்', 'தியாகச் சுடர்'னு பேசிட்டு ஃபைல்ல இப்படி எழுதி வெச்சிருந்தோம். புகழ்ச்சி அதிகமாகுற இடத்துல உரிமை குறையும்ங்கிறது என் அபிப்பிராயம்.

மாத்தமே இல்லைன்னு சொல்லலை. 2019 புல்வாமா மோதல்ல உயிரிழந்த மேஜர் விபூதி தௌண்டியாலோட மனைவி நிதிகா கௌல், 2021 மே மாசம் அதே பரங்கிமலை ஓ.டி.ஏ.ல பயிற்சி முடிச்சு லெப்டினென்டா வெளியில வந்தாங்க. பார்க்கவே பெருமையா இருந்துது. ஆனா எல்லாரும் யூனிஃபார்ம் போட முடியாது, போடணும்னும் இல்லை. யூனிஃபார்ம் போட்டாதான் பேர் சொல்லுவோம்னா, என் பாட்டி மாதிரி ஆளுங்க எங்க போவாங்க?

பாட்டியோடது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். கடைசிச் சம்பளத்துல 30 சதவீதம்ங்கிற கணக்கு. பேப்பர்ல அவங்க பேர்ல ஒரு எழுத்து தப்பா விழுந்து, அதைத் திருத்த ரெண்டு வருஷம் அலைஞ்சாங்க. ஒவ்வொரு நவம்பரும் உயிர்ச்சான்று கொடுக்கப் போகும்போது பட்டுப்புடவை கட்டிட்டுத்தான் போவாங்க. "நான் உயிரோட இருக்கேன்னு சொல்லப் போறேன், சும்மாவா?"ம்பாங்க. என் காலேஜ் முதல் செமஸ்டர் ஃபீஸ் அந்தப் பென்ஷன்லேர்ந்துதான் போச்சு. வீட்டுல யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கடன், எந்த நிலத்தை விக்கறதுன்னு எல்லாமே அவங்க முடிவு. தாத்தாவே லீவுல வந்தா விருந்தாளி மாதிரிதான் இருப்பாராம்.

டேட்டாபேஸ்ல வேலை பாக்கறவன் நான். அதனால எனக்கு இது இப்படித்தான் தோணுது. அந்த ரெக்கார்டுல பாட்டிக்குன்னு இருந்தது 'மனைவி பெயர்'னு ஒரே ஒரு காலம். அதுவும் எழுத்துப் பிழையோட.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க தெருவுலயும் ஒரு மிலிட்டரி வீடு இருக்கும். ஆகஸ்ட் 15-க்குக் கொடியேத்திட்டு அந்தத் தாத்தாகிட்ட சண்டைக் கதை கேப்பீங்க. கேளுங்க, தப்பே இல்லை. கேட்டுட்டு உள்ளே திரும்பி, "பாட்டி, அப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"ன்னும் கேளுங்க.

நான் எங்க பாட்டிகிட்ட பாதிதான் கேட்டேன். மீதியைக் கேக்க இப்ப ஆளில்லை.