தனிமை யார் தந்தது?

உலகில் 6 பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது. ஆண்டுக்கு சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதனோடு தொடர்புண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் அறிக்கை வெளியிட்டது. பெரிய மனிதர்கள் உடனே, நாலு பேரோடு பழகு என்று புத்திமதி சொல்கிறார்கள். புத்திமதிக்குச் செலவில்லை அல்லவா?

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து, ஒரே அறையில் பலராய் முடங்கும் தொழிலாளிக்குப் பழக ஆளா இல்லை? மனைவியல்லவா பக்கத்தில் இல்லை! பணம் வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பதோடு போன் பேச்சு முடிகிறது. வருஷத்துக்கொரு முறை ஊர் போனால் சொந்தக் குழந்தை அழுதுகொண்டு ஒதுங்குகிறது. மனைவியின் முகம் பார்த்துப் பேச அவனுக்கே கூச்சம்.

உள்ளூர்த் தொழிலாளிக்கோ ராத்திரி ஷிப்ட். அவன் வீடு திரும்பும்போது அவள் நடவுக்குக் கிளம்பிவிடுகிறாள். ஒரே பாய்தான்; மாறி மாறிப் படுக்கிறார்கள். எரிச்சலும் சந்தேகமும் மதுக்கடையும் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. இதைக் குணக்கேடு என்பவர்களை நாம் ஏற்கமாட்டோம்.

ஒப்பந்தக்காரர் மூலம் வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஊர் போய்வரப் பயணப்படியும், பயண நாட்களுக்குக் கூலியும் உண்டு என்றது 1979-ம் வருஷத்துச் சட்டம். எத்தனை பேர் கையில் அது வந்து சேர்ந்தது? குடும்பத்தோடு வாழ வீடு, சம்பளத்துடன் லீவு, ஷிப்ட் போடுவதில் தொழிலாளியின் சொல்லுக்கும் இடம்: அடுத்த கோரிக்கை மனுவில் இவற்றைக் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே எழுதுவோம், தோழர்களே!