பல் அடைத்த பிறகு வரும் பயம்



"அடைச்ச பிறகுதான் கூசுது. அதுக்கு முன்ன நல்லாத்தான் இருந்திச்சு." காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. அடுத்த பேச்சும் தெரிந்ததுதான்: "இனி ரூட் கெனல் எண்டு சொல்லுவாங்க. எத்தின தரம் அலையிற? பேசாமக் கழட்டிப் போடு."

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் பல்லைக் கழற்றுவதும், பனடோல் போட்டு நாளைக் கடத்துவதும் நியாயமில்லை. நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்.

பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள ஒரு சிறு அறை இருக்கிறது. சூத்தை அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால், முழுவதையும் சுரண்டி எடுக்கப்போய் அந்த அறை திறந்துவிடலாம். அதனால் சில நேரம் அடியில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு மேலே இறுக்கி அடைப்பார்கள். நரம்பு தானாக ஆறுவதற்குக் கொடுக்கும் சந்தர்ப்பம் அது. பல பற்கள் பிழைத்துக்கொள்கின்றன, சில பிழைப்பதில்லை. எது பிழைக்கும் என்று அன்றைக்கே அடித்துச் சொல்ல எந்த டொக்டராலும் முடியாது. "பார்ப்போம்" என்று அவர் சொல்வது மழுப்பல் அல்ல, உண்மை.

அப்படியானால் நாம் எதைப் பார்க்க வேண்டும்?

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுள்ளென்று கூசி, சில விநாடியில் அடங்கிவிட்டால், நாளுக்கு நாள் அது குறைந்தும் வந்தால், பொறுத்திருக்கலாம். ஓரிரு கிழமை போகலாம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் போகும்.

கடிக்கும்போது மட்டும் வலித்தால், அடைத்தது கொஞ்சம் உயரமாக இருக்கலாம். திரும்பப் போய்ச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள்.

சூடான தேநீருக்கு வலி எழுந்து நெடுநேரம் நின்றால், ஒன்றும் படாமலே வலித்தால், நள்ளிரவில் எழுப்பினால், நரம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது காத்திருக்கக் கூடாது. பல நாள் வலித்த பல் திடீரென்று அமைதியானாலும் சுகமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நரம்பு செத்தாலும் வலி நிற்கும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ரூட் கெனல் என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. விறைக்க வைத்து, கெட்ட நரம்பை எடுத்து, வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பதுதான் அது. தனியார் இடத்தில் செலவு கையைக் கடிக்கும், உண்மைதான். அரச வைத்தியசாலையில் வரிசை நீளம். பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு இங்கிருந்து பஸ் ஏறுவோரும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் வாப்பாவுக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் அடுப்பு. "கழட்டிப் போடு" என்ற பேச்சு அறியாமையில் மட்டும் பிறப்பதில்லை. அதனால்தான் முதல் அறிகுறியிலேயே போவது எமக்கு இன்னும் அவசியம்.

பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் பெரிது. ஆறு வயதளவில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே பல உம்மாமார் நினைக்கிறார்கள். அது வாழ்நாள் பல். கழற்றினால் மறுபடி முளைக்காது. பல் வலியோடு இரவு முழுக்க விழித்த பிள்ளைக்கு வகுப்பில் பாடம் ஏறாது. 13 வயது வரையான மாணவருக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். வரச்சொன்ன திகதியைத் தவறவிடாதீர்கள்.

டொக்டர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். "ஆழமாக இருக்கிறது, இப்படி வலித்தால் திரும்பி வாருங்கள்" என்று துண்டில் ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுங்கள். கூட்டம் நெருக்கும் காலையில் வாயால் சொல்வது காதில் நிற்பதில்லை. அந்த ஒரு வரி பல பற்களைக் காப்பாற்றும்.

மிஸ்வாக்கை வலியுறுத்திய மார்க்கம் எமது. இருக்கும் பல்லைக் காப்பதும் அதில் சேர்ந்ததுதான். வீட்டில் யாராவது பல் அடைத்துக்கொண்டு வந்து பயந்துகொண்டிருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.