யார் கூற்று?

ஏப்ரல் 6 மெர்ல் ஹாகர்ட் பிறந்த நாள். மறைந்த நாளும் அதுவே. கலிஃபோர்னியாவின் ஆயில்டேலில் 1937இல் பிறந்தவர், 2016இல் 79 வயது நிறைந்த அன்றே கண்மூடினார். இந்த நாள் வரும்போதெல்லாம் அமெரிக்க கன்ட்ரி இசையின் இந்தப் பெரிய பாடகரை இரண்டு படங்களில் ஒன்றாக மாட்டி மாலை போடுகிறார்கள். ஒன்று, சிறைக்குப் போய்த் திருந்தி வந்த ஏழை வீட்டுப் பிள்ளை. மற்றது, வியட்நாம் போர்க் காலத்தில் கொடி பிடித்த தேசபக்தர். பாட்டில் வரும் ‘நான்’ பாடகனேதான் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு படங்களும் நிற்கின்றன. அந்த நம்பிக்கை தவறு என்பது நம் கட்சி.

அகப்பாடல் படித்துப் பழகிய வாசகருக்குக் கூற்று என்பது புதிதல்ல. தலைவி பேசினால் அதைக் கபிலரின் வாக்குமூலமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஹாகர்ட்டையும் அப்படித்தான் கேட்க வேண்டும். 1968இல் வந்த ‘மாமா ட்ரைட்’ (இந்த மாமா அம்மாதான்) அவருடைய சொந்தக் கதை என்றே சொல்லப்படுகிறது. ஒன்பது வயதில் தந்தையை இழந்ததும், தாய் கண்டித்தும் கேளாமல் தறிகெட்டதும், 21ஆம் பிறந்தநாளைச் சான் க்வென்டின் சிறையில் கழித்ததும் உண்மை. ஆனால் பாட்டில் பேசுகிறவன் பரோலே இல்லாத ஆயுள்கைதி. பாடியவரோ 1960இல் பரோலில் வெளிவந்து, 1972இல் ஆளுநர் ரீகனிடம் முழு மன்னிப்பும் பெற்றவர். தமக்குக் கிடைத்த விடுதலையைப் பாட்டில் வேண்டுமென்றே பிடுங்கிக்கொள்கிறார். வெளிவராதவர்களின் குரல் அது. 1967இன் ‘சிங் மீ பேக் ஹோம்’ பாட்டிலும் மரண தண்டனைக்கு நடந்து போகிறவன் இன்னொருவன். பாடகர் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் சக கைதி, அவ்வளவுதான். அந்தப் பாட்டை ஹாகர்ட் குரலை உயர்த்தாமலே பாடுகிறார். அழுகையைக் கேட்பவரிடம் விட்டுவிடும் அந்த அடக்கம் அவருடைய கலையில் பெரும்பகுதி.

‘ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி’ பாட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். கஞ்சா புகைக்காத, ராணுவ அழைப்பு அட்டையைக் கொளுத்தாத சிற்றூர்க்காரனின் பெருமிதமாக 1969இல் வந்த பாட்டு அது. போரை எதிர்த்த இளைஞர்கள்மீது எறியப்பட்ட கல்லாகவே அது பயன்பட்டது. ஆனால் ‘ஓக்கி’ என்பது வசைச்சொல். 1930களின் வறட்சியிலும் பஞ்சத்திலும் ஓக்லஹோமாவிலிருந்து பிழைக்க வந்தவர்களைக் கலிஃபோர்னியர்கள் அப்படி இழித்தார்கள். ‘வந்தேறி’ என்று நம் மொழியில் சொல்லும்போது விழுகிற அதே அடி. ஹாகர்ட்டின் பெற்றோர் அப்படி வந்தவர்களே. தந்தை வீடாக மாற்றியமைத்த ரயில் சரக்குப்பெட்டியில்தான் பிள்ளை வளர்ந்தான். இந்த மக்களைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதிய ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை ஆயில்டேல் அடங்கிய கெர்ன் கவுண்டி 1939இல் தன் நூலகங்களிலிருந்து விலக்கியது. அந்த வசையைப் பட்டம்போல் சூட்டிக்கொண்டு ஒருவன் மேடையேறினால் அதில் அரசியலைவிடப் பழைய ரோஷம் ஒன்று இருக்கிறது.

இப்படிச் சொல்வது தப்பிக்க வழிசெய்து கொடுப்பதாகாதா? கைதட்டலை அவர் மறுக்கவில்லை. 1970இல் அதைவிடக் காரமான ‘த ஃபைட்டின் சைட் ஆஃப் மீ’ வந்தது. 1973இல் நிக்சனின் வெள்ளை மாளிகையிலும் பாடினார். இதை மழுப்ப வேண்டியதில்லை. கூட்டம் எதை நினைத்து ஆர்ப்பரிக்கிறது என்று தெரிந்தே பாடுகிறவனுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் ‘ஓக்கி’க்கு அடுத்து அவர் வெளியிட விரும்பியது ‘இர்மா ஜாக்சன்’: கறுப்பினப் பெண்ணைக் காதலிக்கும் வெள்ளையன் கூற்று. கலப்பு மணத்துக்கு இருந்த மாநிலத் தடைகளை உச்ச நீதிமன்றம் 1967இல்தான் நீக்கியிருந்தது. காலம் கனியவில்லை என்று அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கேப்பிடல் தயங்க, அந்தப் பாட்டு 1972இல் ஒரு தொகுப்புக்குள் அடக்கமாக வந்தது. சந்தை ஒரு குரலைத் தூக்கிப் பிடித்து இன்னொன்றைத் தள்ளிப்போட்டது; நாம் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு ஆளைத் தீர்மானித்தோம். 2003இல் அதிபர் புஷ்ஷை விமர்சித்ததற்காக டிக்ஸி சிக்ஸ் என்ற கன்ட்ரி இசைக் குழுவினர் வானொலிகளில் ஒதுக்கப்பட்டபோது அவர்களுக்காகப் பேசியவரும் இவரே. மனம் மாறிவிட்டார் என்றார்கள். ஆயுள்கைதிக்கும் ஓக்கிக்கும் இர்மாவின் காதலனுக்கும் ஒரே தொண்டையில் இடம் கொடுத்தவருக்கு இதில் மாற என்ன இருக்கிறது?

அவர் வளர்ந்த அந்தச் சரக்குப்பெட்டி, அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டு, பேக்கர்ஸ்ஃபீல்டில் உள்ள கெர்ன் கவுண்டி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.