சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

திருச்சிக்காரர்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் ஊர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது சென்னையா, யாழ்ப்பாணமா?

சென்னை என்று சொல்லியிருந்தால் தவறு! வான்வழியில் நேர்க்கோடு போட்டால் திருச்சியிலிருந்து சென்னை சுமார் 294 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 184 கிலோமீட்டர்தான்.

ஆனால், இந்தப் பக்கத்து ஊருக்குப் போவது நெடுங்காலம் சுலபமாக இருக்கவில்லை. 1947-லேயே கொழும்பிலிருந்து சென்னைக்குப் போன விமானம் யாழ்ப்பாணப் பக்கம் இறங்கித்தான் பறந்தது. பிறகு வந்த போர் அந்த வழியை அடைத்துவிட்டது. பலாலி மீண்டும் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 அக்டோபரில். அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. 2020-ல் கொரோனா நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. திருச்சியிலிருந்து நேரடி விமானத்தை இண்டிகோ 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது.

சென்னை விமானமும் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாட்டி திருச்சியில் இருக்கும் பேத்தியைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்? கொழும்புக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர்; பஸ்ஸில் ஓர் இரவு போய்விடும். அங்கிருந்து விமானத்தில் இன்னும் 420 கிலோமீட்டர். 184-க்குப் பதில் 820! முழங்கால் வலிக்காரர்கள் எத்தனை பேர் 'போட்டோவிலேயே பார்த்துக்கிறேன்' என்று இருந்திருப்பார்கள்!

சரி, இப்போது எவ்வளவு நேரம்? இந்த வழியில் பறப்பது ஏடிஆர் ரகச் சின்ன விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் 22 நிமிடத்தில் போய்விட வேண்டுமே? டிக்கெட்டிலோ சுமார் ஒரு மணி நேரம் என்று இருக்கும். காரணம், விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் வருவது எல்லாம் அதில் அடக்கம். தூரம் குறையும்போது இவை மட்டும் குறையாது.

வீட்டுக் கணக்கு வேறு. விமான நிலையம் போக அரை மணி, வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வருகை, பறக்க ஒரு மணி, இறங்கியபின் குடியேற்றச் சோதனையும் பெட்டியும் முக்கால் மணி, பலாலியிலிருந்து நகருக்கு இன்னொரு முக்கால் மணி. மொத்தம் ஆறு மணி நேரம். அதாவது, மணிக்கு முப்பது கிலோமீட்டர். நம்ம டவுன் பஸ் வேகம்!

அதனால், போகிற நாளிலேயே கல்யாணம், காரியம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது அரை மணியில் வராது. முதல் நாளே போய்ச் சேருங்கள். கிளம்பும் முன் அன்றைய அட்டவணையையும் பெட்டிக்கான எடை வரம்பையும் பார்த்துவிடுங்கள். கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டாம். இரண்டு ஊரிலும் ஒரே நேரம்தான்!